கால் கிராம் குறைகிறது

அந்த ஆய்வகத்தில் அவளுடைய உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் செல்லம்மா. மனித செல்களை வளர்ப்பது அவள் வேலை. என்றோ யாரோ ஒரு நோயாளியின் குடலிலிருந்து வெட்டியெடுத்த கட்டியின் செல்கள், அந்த நோயாளி போய்ச் சேர்ந்த பிறகும் சாகாமல், அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் குடுவைகளில் பெருகிக்கொண்டே இருந்தன. இரண்டு நாளுக்கு ஒருமுறை பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு தும்மல் போதும், மொத்தமும் கெட்டுப்போகும். செல்லுக்கு அம்மா என்று ஒரு ஆராய்ச்சி மாணவன் கிண்டலாகச் சொல்லப்போக, அது செல்லம்மாவாகி ஒட்டிக்கொண்டு பதினான்கு வருடமாகிறது.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்கும் இதில் ஒரு தமாஷ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் செருப்பை மாட்டினால், "உன் குடுவைப் புள்ளைங்களுக்குச் சோறு வைக்கக் கிளம்பிட்டியா?" என்பார். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்று சொல்லிவிட்டு அவள் பஸ் பிடிப்பாள்.

அவளுக்கு எதையும் இரண்டு தடவை பார்க்கும் குணம். மூடிய மூடியைத் திரும்பத் திறந்து மூடுவாள். அடுத்தவர் எழுதி ஒட்டிய லேபிளை நம்ப மாட்டாள். இந்தக் குணம் அந்த வேலைக்குத் தேவைதான். ஆனால் அது வேலையோடு நின்றுவிடுகிற குணமல்ல.

ஆய்வகத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்றே அழைத்தார்கள். ஐம்பத்தாறு வயது. தாவரச் சாறுகளில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறதா என்று தேடுவதில் பாதி ஆயுளைக் கழித்தவர். இலை, பட்டை, வேர் என்று எதையாவது கொண்டுவந்து, காய்ச்சி வடித்து, பிசின்போல வரும் சாற்றைப் புற்றுநோய் செல்மேல் போட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. செல்கள் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுவதுபோல் கொழுகொழுவென்று கிடக்கும்.

சாறு எடுக்கும் வேலை ஒரு இளம் வேதியியல்காரனுடையது. வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. நாள் முழுக்க இலையைக் காய்ச்சிக்கொண்டிருப்பதால் அவனுக்குக் கஷாயம் என்று பெயர். அவளை அக்கா என்பான், அவள் அவனைத் தம்பி என்பாள். அதிகம் பேசமாட்டான். எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். வெற்றுப் பாட்டிலின் எடை, சாற்றோடு சேர்த்து எடை, தேதி எல்லாம் எழுதித்தான் ஃப்ரீசரில் வைப்பான்.

அவன் காய்ச்சிய பதினேழாவது சாறு ஒரு மலைக்கொடியின் இலையிலிருந்து வந்தது. அதைப் போட்ட மூன்றாம் நாள் செல்லம்மா தட்டை எடுத்துச் சாயத்தை ஊற்றினாள். உள்ளங்கை அகலத் தட்டில் தொண்ணூற்றாறு சின்னச் சின்னக் குழிகள். செல் உயிரோடிருந்தால் மஞ்சள் சாயம் ஊதா நிறமாக மாறும். செத்திருந்தால் மஞ்சளாகவே நிற்கும். சாறு விடாத குழிகள் கத்தரிப்பூ நிறத்தில் நின்றன. பதினேழாம் நம்பர் விட்ட குழிகள் ஒன்று விடாமல் மஞ்சள்.

மேடம் அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். திரும்பச் செய் என்றார். திரும்பவும் அதே முடிவுதான் வந்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள். கஷாயம் மட்டும், இது நல்ல செல்லையும் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும், முக்கியமாகக் கல்லீரல் செல்லில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றான். அப்புறம் பார்க்கலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். அதற்கடுத்த வாரமும் அவன் கேட்டான். அப்போதும் அப்புறம்தான்.

இரண்டு வாரம் கழித்து செல்லம்மா ஃப்ரீசரைத் திறந்தபோது பதினேழாம் நம்பர் பாட்டிலைக் கையில் எடுத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. முன்பு லேபிளின் கீழ்விளிம்பு வரை நின்ற கரும்பச்சைப் பிசின் இப்போது அதற்குக் கீழே போயிருந்தது. பதிவு நோட்டைப் பார்த்தாள். இரண்டே முறை, கடுகளவு எடுத்ததாகக் கஷாயத்தின் கையெழுத்தில் இருந்தது. போகிற போக்கில் கேட்பதுபோல் அவனிடம் கேட்டாள். நோட்டில் எழுதியதுதான், அதற்குமேல் தொடவில்லை என்றான். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். அதுவே அவளுக்கு உறுத்தியது. அவ்வளவு நேராகப் பார்த்துப் பேசுகிறவன் எதையோ தயார் பண்ணிக்கொண்டு பேசுகிறான் என்று தோன்றியது.

மறுநாளிலிருந்து காலையில் முதல் வேலையாகப் பாட்டிலை வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, பனியைத் துடைத்து எடை போட்டாள். ஞாயிறும் விடவில்லை. முதல் எடைக்கு அடுத்த நாள் கால் கிராம் குறைந்திருந்தது. அடுத்த நாளும் கால் கிராம். அதற்கடுத்த நாளும் அதே கால் கிராம்.

திருடுகிறவன் ஸ்பூனால் வழித்து எடுப்பான், ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இது யாரோ தராசில் வைத்து அளந்து எடுக்கிற எடை. இந்தக் கட்டிடத்தில் எதையும் அளந்தே செய்கிறவன் யார்? அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

அதன்பிறகு அவன் செய்ததெல்லாம் அவள் கண்ணில் பட்டது. போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்த் தணிந்த குரலில் பேசினான். ஒரு மதியம் வாசல் கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவனிடம் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்தான். புற்றுநோய் வந்த வீட்டில் யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்கிக் குடிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சாற்றை வெளியே தருகிறான் என்று முடிவுகட்டிவிட்டாள்.

மேடத்திடம் போய்க் காதும் காதும் வைத்தாற்போல் எல்லாவற்றையும் சொன்னாள். எடை எழுதிய தாளையும் மேஜைமேல் வைத்தாள். மேடம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கூசுகிறது என்று கொஞ்ச நாளாக நிறக்கண்ணாடி போட்டிருந்தார். அதனால் முகத்தில் ஓடியது என்னவென்று தெரியவில்லை.

"நான் பாத்துக்கறேன். நீ யார்கிட்டயும் வாய் தெறக்காதே" என்றார் கடைசியில்.

மறுநாள் கஷாயத்திடமிருந்து ஃப்ரீசர் சாவி வாங்கப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. இனி இரண்டு சாவிதான், ஒன்று மேடத்திடம், ஒன்று செல்லம்மாவிடம். சாவியை அவள் கையில் கொடுக்கும்போது அவன் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் போனான்.

ஆனாலும் எடை குறைந்தது. அதே கால் கிராம்.

கள்ளச்சாவி போட்டிருக்கிறான் என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் பொருமினாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அவன் லீவு போட்டான்னா அன்னிக்கும் குறையுதா? அதைப் பாத்தியா?" என்று கேட்டார். லிஃப்ட் நின்றால் அந்த நேரம் உள்ளே யார் இருந்தது என்றுதான் முதலில் விசாரிப்பார்களாம். அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கேள்வி போகவில்லை.

அந்த வாரமே கஷாயம் தன் தங்கைக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போனான். நான்கு நாள் விடுப்பு.

முதல் நாள் காலை எடை போட்டாள். முந்தைய நாள் அவன் எடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் போட்டாள். கால் கிராம் குறைந்திருந்தது. தராசு சரியில்லையோ என்று சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்தாள், தராசில் பழுதில்லை. மூன்றாம் நாளும் குறைந்திருந்தது. சாவி இரண்டு. ஒன்று தன் கோட்டுப் பையில் இருக்கிறது.

மேடம் வேறெங்காவது ஆராய்ச்சிக்கு அனுப்புகிறாரோ என்று பார்த்தாள். அனுப்பினால் நோட்டில் ஏறியிருக்கும். மருந்துக் கம்பெனிக்குக் கொடுக்கிறாரோ? கொடுப்பவர் தினமும் அளந்தா கொடுப்பார்? இத்தனை நாள் எடைத்தாளும் கையுமாக அலைந்தவள் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லையே என்று அவளுக்கே உறைத்தது. கீழே இருப்பவன்மேல் போவதுபோல் சந்தேகம் மேலே இருப்பவர்மேல் சட்டென்று போவதில்லை.

அன்று மாலை அவள் ஒரு காரியம் செய்தாள். யாரையும் கேட்காமல் கல்லீரல் செல் வளர்ந்திருந்த தட்டொன்றை எடுத்து, பாதிக் குழிகளில் வெறும் கரைப்பானையும் மீதியில் பதினேழாம் நம்பரையும் விட்டாள். புற்றுநோய் செல்லைக் கொன்ற அதே அளவுதான். அது வியாழக்கிழமை. மூன்று நாள் கணக்குக்கு ஞாயிறு வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு அவள் வந்தபோது எடை பார்க்கும் அறையில் விளக்கு எரிந்தது. கதவு சாத்தியிருக்கவில்லை. மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து, வழவழப்பான எடைத்தாளில் கரும்பச்சைப் பிசினை வைத்து, தராசில் எண் நிற்கும்வரை ஊசிமுனையால் எடுத்தும் போட்டும் சரிபண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று காலிக் கேப்ஸ்யூல்களும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தன. நிறக்கண்ணாடி மேஜைமேல் கிடந்தது.

ஓசை கேட்டு அவர் திரும்பினார். வெள்ளை விளக்கின் கீழ் அவருடைய கண்ணின் வெண்பகுதி மஞ்சளாக இருந்தது.

செல்லம்மா கையும் களவுமாக ஒருவரைப் பிடித்துவிட்டாள். இத்தனை நாள் அதற்குத்தான் காத்திருந்தாள். இப்போது ஓடிவிடலாம்போல் இருந்தது.

"எத்தனை நாளா மேடம்?"

"இன்னிக்கு முப்பத்தெட்டாவது நாள்" என்றார் மேடம். மறைக்க முயலவில்லை. இரண்டு வருடம் முன்பு பித்தப்பைக் கல் என்று சொல்லி விடுப்பில் போனது பெருங்குடல் கட்டிக்காக என்றும், எட்டு மாதம் முன்பு அது கல்லீரல் ஓரத்தில் திரும்ப வந்துவிட்டது என்றும், மறுபடி மருந்தேற்ற வேண்டும் என்று சொன்ன டாக்டரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவர் திரும்பிப் போகவே இல்லை என்றும், வகுப்பில் பாடம் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். கூடவே இருக்கும் தங்கைக்குக்கூடத் தெரியாதாம்.

"நீங்களா இப்படி?" என்றாள் செல்லம்மா.

"தட்டுல செல்லு சாகறதுக்கு என்ன வேணும்? வினிகர் ஊத்தினாலும் சாகும். இருபது வருஷமா பசங்களுக்கு நான்தானே சொல்லிக் குடுத்தேன்." மேடம் ஊசியைத் துடைத்து வைத்தார். "ஆனா ரெண்டாவது தடவையும் அதே மாதிரி வந்துச்சு பாரு. அன்னிக்குத்தான் எட்டு மாசத்துல முதல் தடவையா நல்லாத் தூங்கினேன்."

செல்லம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்ததையே கேட்டாள். "அந்தத் தம்பி மேல நான் பழி சொன்னப்போ, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

மேடம் நிறக்கண்ணாடியை எடுத்து மடக்கி வைத்தார். "சொல்லியிருக்கணும்" என்றார். "நீ அந்தப் பேப்பரை நீட்டினப்போ என்னைத்தான் பிடிச்சுட்டேன்னு நெனச்சேன். நீ அவன் பேரைச் சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதான் உண்மை."

செல்லம்மாவுக்கு அந்த நிமிடம் மேடத்தின்மேல் வந்தது இரக்கமில்லை. பதினான்கு வருடம் யாருடைய சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாளோ, அவர் ஒரு சின்னப் பையனின் தலையில் தன் பாரத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். ஆனால் பாரத்தை எடுத்து வைத்தது தன் கைதான் என்பதும் அவளுக்கு மறக்கவில்லை. உள்ளே போய், இன்குபேட்டரிலிருந்து கல்லீரல் தட்டைக் கொண்டுவந்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

"வந்து பாருங்க. நான் சொன்னா வேண்டாம், நீங்களே பாருங்க."

மேடம் வந்து குனிந்தார். சாறு விடாத குழியில் செல்கள் கூழாங்கல் பதித்த தரைபோல் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு பரந்து கிடந்தன. செல்லம்மா தட்டை மெல்ல நகர்த்தினாள். பதினேழாம் நம்பர் விட்ட குழியில் தரையே இல்லை. உருண்டு சுருங்கிய துணுக்குகள் திரவத்தில் மிதந்துகொண்டிருந்தன. அடுத்த குழி, அதற்கடுத்த குழி. மேடமே கையால் தட்டை நகர்த்தி வரிசை முழுக்கப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

"கரைப்பான் எவ்வளவு?" என்றார் குனிந்தபடியே.

"ரெண்டுலயும் ஒரே அளவுதான்."

"எத்தனை குழி?"

"பாதித் தட்டு."

நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்தது பயமா, வெட்கமா என்று செல்லம்மாவால் சொல்ல முடியவில்லை. வழக்கமாக ஒரு சோதனை தோற்றால் வரும் களைப்புதான் அதிகம் தெரிந்தது. எடைத்தாளில் இருந்த அன்றைய கால் கிராமைத் தானே கழிவு டப்பாவில் போட்டார்.

தங்கைக்குச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். செல்லம்மா கேட்கவில்லை. அவர் போனிலிருந்தே எண்ணைப் போட்டு, ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டு, டாக்சி பிடித்து அவரைக் கூட்டிப்போனாள். வழியில் சிக்னலில் நின்றபோது மேடம், செல்களுக்கு இன்று திரவம் மாற்றினாயா என்று கேட்டார். இல்லை என்றாள். திரும்பிப் போய் மாற்றிவிடு என்றார்.

டியூட்டி டாக்டர் இளம்பெண். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு மேடம் கைப்பையிலிருந்து டைரியை எடுத்துக் கொடுத்தார். தேதி, நேரம், எடை, வாந்தி, பசி எல்லாம் பிசகாமல் எழுதியிருந்தது. டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தெரிந்தவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்க வந்து, வாசலில் மூச்சிரைக்க நின்ற தங்கையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அந்தத் தங்கை அக்காவை ஒன்றும் கேட்கவில்லை. செல்லம்மாவைத்தான் ஏற இறங்கப் பார்த்தாள், இவளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்பதுபோல. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கல்லீரல் படுத்திருந்தது. சாற்றை நிறுத்தினால் மீள வாய்ப்புண்டு, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

செல்லம்மா ஆய்வகத்துக்குத் திரும்பிப் போய்த் திரவத்தை மாற்றிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தமாஷ் எதுவும் செய்யவில்லை. அந்தப் பையனிடம் போனில் சொல்லாதே, நேரில் சொல் என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை கஷாயம் வந்தான். தங்கைக்குப் பெண் குழந்தை என்று எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துக்கொண்டு வந்தவனை அவள் மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள். எடை போட்டது, சந்தேகப்பட்டது, மேடத்திடம் சொன்னது, சாவி போனது எதனால் என்பது, ஞாயிற்றுக்கிழமை பார்த்தது, ஒன்றையும் விடவில்லை. அவன் இனிப்புப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டான்.

"நீங்க கேட்டப்பவே நான் எடுக்கலைன்னு சொன்னேனே அக்கா."

"சொன்னீங்க தம்பி. நான்தான் நம்பலை."

அவன் தலையாட்டினான். அந்த போனும் பழுப்பு உறையும் வேறு வேலைக்காக என்று அப்போதுதான் தெரிந்தது. கல்லீரல் சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிற இடத்தில் தன் பெயரும் சேர்ந்து கெடும் என்று பயந்து, இன்னொரு ஆய்வகத்தில் இருக்கும் நண்பனிடம் சான்றிதழ் நகல்களைக் கொடுத்திருக்கிறான். வேலை கிடைத்துவிட்டதாம். இருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மேடம் ஐந்து வாரம் வரவில்லை. ஒருநாள் பதினோரு மணிக்கு, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மெலிந்துபோய் வந்தார். நிறக்கண்ணாடி இல்லை, கண்ணில் மஞ்சள் அநேகமாக வடிந்திருந்தது. எல்லோரையும் கூப்பிட்டு, சாற்றை எடுத்தது நான், பழி விழுந்தது இவன்மேல், அதைத் தெரிந்தே விட்டேன் என்று நின்றபடியே சொன்னார். நோயைப் பற்றியும் சொன்னார். அழவில்லை. உட்கார நாற்காலி போட்டபோது வேண்டாம் என்றார். கஷாயம் பரவாயில்லை மேடம் என்றான். அந்தப் பரவாயில்லையில் எவ்வளவு பரவாயில்லை இருந்தது என்று செல்லம்மாவுக்குப் பிடிபடவில்லை.

அது அவனுடைய கடைசி வாரம். போகும்போது நோட்டு, அலமாரிச் சாவிக்கொத்து, பாட்டில் பட்டியல் எல்லாவற்றையும் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டே ஒப்படைத்தான். ஒவ்வொரு பாட்டிலையும் அவள் கண்முன்னால் எடை போட்டுக் காட்டினான். வேண்டாம் தம்பி என்று சொல்லிப் பார்த்தாள். இருக்கட்டும் அக்கா என்றான். புது நம்பரைக் கேட்டாள். மாற்றினதும் அனுப்பறேன் என்றான். அனுப்பவில்லை.

பதினேழாம் நம்பரைப் பற்றிய கட்டுரையை மேடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதி முடித்தார். கல்லீரல் செல்லையும் அதே அளவில் கொல்கிறது என்பதை முதல் பத்தியிலேயே போட்டார். ஆசிரியர் வரிசையில் கஷாயத்தின் பெயர் முதலில் வந்தது. மருந்தேற்றுவதற்கும் ஒப்புக்கொண்டார். மூன்றாவது மாத ஸ்கேனில் கட்டி வளரவில்லை, குறையவும் இல்லை. இப்போதைக்கு அதுவே போதும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டு, வாரத்தில் மூன்று நாள் மதியம் வரை வந்துபோகத் தொடங்கினார்.

செல்லம்மாவும் அவரும் முன்புபோல் பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. அவர் ஃப்ரீசர் பக்கம் போனால் இவள் கண் தானாகப் பின்னால் போகும். அது அவருக்கும் தெரியும்.

புதிதாக வந்த வேதியியல் பெண் ஒரு மரப்பட்டையைக் காய்ச்சிப் பதினெட்டாம் நம்பரைக் கொண்டுவந்தாள். இந்த முறை செல்லம்மா முதல் நாளே கல்லீரல் தட்டையும் சேர்த்து வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் சாயம் ஊற்றிப் பார்த்தால் புற்றுநோய் செல் ஊதா, கல்லீரல் செல் ஊதா, இரண்டு தட்டும் மூலைமுதல் மூலைவரை ஊதா. புதுப்பெண்ணின் முகம் விழுந்துவிட்டது.

மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணையும் கொல்லலை. அப்படியே எழுது" என்றார்.

செல்லம்மா எழுதுவதற்கு முன், தட்டை அவர் கையிலிருந்து வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள்.